எண்களோடு விளையாடிய ஆசிரியர்

நாடாண்ட மன்னர்களின் வரலாறும் போர்க்களத்தில் வாகை சூடியவர்களின் வரலாறும் நமக்குச் சிறு வயதிலேயே சொல்லித் தரப்படுகின்றன. சிற்றூர் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்ந்த ஓர் ஆசிரியரின் வரலாற்றை யார் சொல்லப் போகிறார்கள்? நாம்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் அந்த ஆசிரியர் நாம் படிக்கும் இதே புனே நகரத்தில் நம்மைப் போல் மாணவராக இருந்தவர். இன்று உலகத்தின் பல மொழிகளிலும் உள்ள கணித நூல்களில் அவர் பெயர் அச்சாகிறது. அந்தப் பெயரை அறியாமலே நாம் அவர் படித்த கல்லூரியின் வாயிலைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறோம்.

தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேகர் என்பது அவர் பெயர். 1905ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் பிறந்தார், 1986இல் மறைந்தார். தமிழ் மாணவர் மலரில் ஒரு மராட்டிய ஆசிரியரின் வரலாறு எதற்கு என்று சிலர் வினவலாம். அவர் தம்முடைய தலைசிறந்த கண்டுபிடிப்பை அறிஞர் முன் எடுத்துரைத்த இடம் நம் சென்னை மாநகரம் என்பது ஒரு விடை. மற்றொரு விடை சற்று வேடிக்கையானது. அது மகர்பட்டாவில், கணிப்பொறி விளையாட்டு ஒன்றின் நடுவே எனக்குக் கிடைத்தது. அதை முதலில் சொல்லிவிட்டு அவர் வாழ்க்கைக்கு வருகிறேன்.

ஹடப்ஸரை அடுத்த மகர்பட்டாவை அறியாத தமிழ் மாணவர் நம்மிடையே அரியர். படிப்பை முடித்த நம் மூத்த நண்பர்கள் பலருக்கு அங்கேதான் வேலை, அங்கேதான் குடியிருப்பு. நூற்றிருபதுக்கும் மேற்பட்ட வேளாண் குடும்பங்கள், நிலத்தை யாருக்கோ விற்றுவிட்டுப் போகாமல், ஏறக்குறைய 400 ஏக்கரை ஒன்றாகச் சேர்த்து, சதீஷ் மகர் என்பவரின் தலைமையில் தாங்களே நகரமாக்கிய இடம் அது. வயலாக இருந்த மண்ணை வரைபடத்தில் புதிதாக எழுதி, அவரவர் கொடுத்த நிலத்துக்கு ஏற்பப் பங்கு வகுத்துக்கொண்டார்கள். களத்தை நேர்மையாகப் பங்கிடுவது எளிய செயலன்று என்பதை அந்த ஊரே நமக்குச் சொல்லும்.

அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நண்பர்கள் நால்வர் ஏஜ் ஆப் எம்பயர்ஸ் என்னும் போர்த்தந்திர விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்விளையாட்டு 1997இல் வெளிவந்தது. அதன் இரண்டாம் பகுதி 1999இல் வந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் கடந்தும் அந்த இரண்டாம் பகுதியை ஆடுகிறவர்கள் குறையவில்லை. 2022இல் அதனோடு சேர்க்கப்பட்ட இந்தியப் பகுதியில் திராவிடர் என்றொரு படையும் இராசேந்திர சோழனின் போர் வரலாறும் இடம் பெற்றன. ஆகவே நம்மவர்க்கு அதில் பற்று மிகுதி.

நம் சதுரங்கத்திலும் ஆடுபுலி ஆட்டத்திலும் களம் மாறுவதில்லை. கோயில் மண்டபத்துக் கல்லில் என்றோ கீறிய கட்டத்தில் பாட்டனும் ஆடினார், பேரனும் ஆடுகிறான். இந்த விளையாட்டில் அப்படியன்று. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் களமே புதிதாகப் பிறக்கிறது. மலை எங்கே, நீர் எங்கே, பொன் எங்கே என்று தொடக்கத்தில் எவருக்கும் தெரியாது. இருட்டில் கை நீட்டித் தடவுவதுபோல் ஒவ்வொருவரும் தம் நாட்டைத் தாமே கண்டறிய வேண்டும். ஆட்டத்தின் சுவையில் பாதி இதில்தான் இருக்கிறது.

அன்று தோற்றவர் களத்தைக் குறை கூறினார். தம்முடைய பொன் எதிரியின் பக்கமாகக் கிடந்தது என்றும், கணிப்பொறி ஓரவஞ்சனை செய்தது என்றும் வாதிட்டார். மூத்த நண்பர் ஒருவர் சிரித்துவிட்டு, கணிப்பொறிக்கு ஓரவஞ்சனையும் தெரியாது, தற்செயலும் தெரியாது, அதற்குத் தெரிந்தவை ஒரு விதை எண்ணும் ஒரு விதியுமே என்றார். களம் அமைக்கும் பகுதியைத் திறந்து ஓர் எண்ணை இட்டார்; ஒரு நாடு தோன்றியது. அதை அழித்துவிட்டு அதே எண்ணை மறுபடியும் இட்டார். அதே மலை, அதே நீர், அதே காடு, மரத்துக்கு மரம் மாறாமல் மீண்டும் எழுந்து நின்றன.

களம் பிறக்கும் முறையையும் அவர் விளக்கினார். முதலில் ஆட்டக்காரர்களின் தொடக்க நிலங்கள் வட்டமாக வைக்கப்படுகின்றன. அவை கட்டம் கட்டமாகப் பரவி வளர்கின்றன. அதன்பின் மேடுகள், பாறைச் சரிவுகள், காடுகள், வழித்தடங்கள் ஆகியவை வரிசையாக வருகின்றன. இறுதியில் பொன்னும் கல்லும் ஆடுகளும் பழப்புதர்களும் இடப்படுகின்றன. இந்த வரிசையைச் சாதாரண எழுத்துக் கோப்பாக எழுதி, ஆடுகிறவர்களே புதிய களங்களைப் படைக்கலாம். பொன் ஒவ்வொருவர் ஊரிலிருந்தும் இவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று எழுதுவது விதி. எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது எண். நேர்மையை விதி காக்கிறது. புதுமையை எண் தருகிறது.

இத்தனை எண்கள் எங்கிருந்து வருகின்றன? மிகச் சிறிய களத்திலேயே பக்கத்துக்கு 120 கட்டங்கள். ஆக மொத்தம் 14,400 கட்டங்கள். இவற்றுக்கெல்லாம் உட்கார்ந்து தாயக்கட்டை உருட்ட யாரால் முடியும்? விதை எண்ணை ஒரு விதிக்கு உட்படுத்தினால் ஒரு புதிய எண் வருகிறது. அந்த எண்ணை மீண்டும் அதே விதிக்கு உட்படுத்தினால் இன்னோர் எண் வருகிறது. இப்படி எண்ணிலிருந்து எண் பிறந்துகொண்டே போகிறது. பார்ப்பவர்க்கு அது தாயம் விழுவதுபோல் ஒழுங்கற்றுத் தோன்றும்; உள்ளே ஒவ்வோர் அடியும் கணக்குப்படியே நடக்கிறது.

இதில் இன்னுமொரு நுட்பம் உண்டு. நால்வர் நான்கு கணிப்பொறிகளில் ஆடும்போது, களத்தின் முழுப் படமும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவதில்லை. விதை எண்ணும் ஆடுகிறவர்களின் கட்டளைகளும் மட்டுமே போகின்றன. ஒவ்வொரு பொறியும் தனித்தனியே அதே களத்தைத் தானே படைத்துக்கொள்கிறது. 1997இல் தொலைபேசிக் கம்பி வழியே ஊர்ந்து சென்ற இணைப்புகளில் இவ்விளையாட்டு நடக்க முடிந்தது இதனால்தான். உண்மையான தற்செயல் அங்கே நுழைந்திருந்தால், நால்வரும் நான்கு வேறு நாடுகளில் நின்று போரிட்டிருப்பார்கள்!

ஆகவே எல்லாம் அந்த விதியைப் பொறுத்திருக்கிறது. ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தால் அது எங்கே போய்ச் சேரும்? இந்தக் கேள்வியைக் கேட்டதும் கப்ரேகரின் பெயர் என் நினைவுக்கு வந்தது. அவர் கணிப்பொறி விளையாட்டுக்காக எதையும் செய்தவரல்லர். விளையாட்டை ஆக்கியோர் அவரிடம் கடன்பட்டவர்கள் என்று சொல்வதும் பொருந்தாது. ஆனால் அந்தக் கேள்வியைக் காகிதமும் பென்சிலுமாக வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். அதனால் இவ்விஷயத்தை அறிய விரும்பும் மாணவனுக்கு அவரைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது அரிது.

பம்பாய்க்கு வடக்கே, மேலைக் கடற்கரையில் உள்ள தஹாணு என்னும் ஊரில் கப்ரேகர் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். எழுத்தராகப் பணி செய்த தந்தையே அவரை வளர்த்தார். தந்தைக்கு ஜோதிடத்தில் ஈடுபாடு அதிகம். ஜோதிடத்தில் நமக்கு நம்பிக்கை இருக்கலாம், இல்லாமலும் போகலாம்; கூட்டலும் கழித்தலும் வகுத்தலும் இல்லாமல் ஜாதகம் எழுத முடியாது என்பதை யாரும் மறுக்க முடியாது. கோள்களை நோக்கிப் போட்ட கணக்கில் தந்தைக்குக் கிடைத்த இன்பம், எண்களை மட்டும் நோக்கிய இன்பமாக மகனிடத்தில் வளர்ந்தது. தாணேயில் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, கணக்குப் புதிர்களை விடுவிப்பதில் பொழுதையெல்லாம் கழித்தார்.

1923இல் புனே பெர்குஸன் கல்லூரியில் சேர்ந்தார். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்ற முதல் இந்தியராகிய ராங்லர் பராஞ்சபேயின் புகழ் அக் கல்லூரியோடு இணைந்திருந்த காலம் அது. அவர் பெயரால் அமைந்த கணிதப் பரிசை, மாணவர் செய்த சொந்த ஆராய்ச்சிக்காக, 1927இல் கப்ரேகர் பெற்றார். 1929இல் பட்டம் பெற்றார். அதற்கு மேல் படிக்கவில்லை. முதுகலைப் பட்டமில்லை, ஆராய்ச்சிப் பட்டமில்லை, அந்நிய நாட்டுக் கல்வியுமில்லை. நாசிக்கை அடுத்த தேவளாலியில் பள்ளி ஆசிரியர் வேலை கிடைத்தது. இராணுவ முகாமுக்குப் பெயர் பெற்ற அந்தச் சிற்றூரிலேயே 1962இல் ஓய்வு பெறும் வரையில் கணக்கு ஆசிரியராக இருந்தார்.

தேவளாலியில் அவருக்குப் பெரிய நூலகமில்லை. கலந்துரையாட உடன் ஆராய்ச்சியாளருமில்லை. ஆனால் எண்களுக்குப் பஞ்சமில்லை அல்லவா? அவற்றைத் தோழர்களாகக் கொண்டார். 45 என்ற எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 2025 வருகிறது. அதை இரண்டாகப் பிளந்து 20, 25 என்று கூட்டினால் மீண்டும் 45. அதுபோலவே 297ஐ அதனாலேயே பெருக்கினால் 88209. 88ஐயும் 209ஐயும் கூட்டினால் 297. இத்தகைய எண்கள் இன்று கப்ரேகர் எண்கள் என வழங்குகின்றன. தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்ணுக்கு, மகிழ்ச்சி தருவது என்ற பொருளில், ஹர்ஷத எண் என்று வடமொழியில் பெயர் சூட்டினார். 18 அத்தகையது, ஒன்றும் எட்டும் ஒன்பது, பதினெட்டை ஒன்பது வகுக்கும். எண்ணைக் கண்டு மகிழ்ந்தவர் மட்டுமே அதற்கு அப்படியொரு பெயர் வைக்க முடியும்.

இனி அவருடைய தலைசிறந்த கண்டுபிடிப்புக்கு வருவோம். நான்கு இலக்கங்கள் கொண்ட எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக மட்டும் இருக்கக் கூடாது. இலக்கங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக ஒரு முறையும், சிறிதிலிருந்து பெரிதாக ஒரு முறையும் அடுக்குங்கள். பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழியுங்கள். வந்த விடையையும் அவ்வாறே செய்யுங்கள். கப்ரேகர் பிறந்த ஆண்டாகிய 1905ஐயே எடுத்துப் பார்ப்போம். 9510லிருந்து 0159ஐக் கழித்தால் 9351. அடுத்து 9531லிருந்து 1359 போக 8172. 8721லிருந்து 1278 போக 7443. 7443லிருந்து 3447 போக 3996. 9963லிருந்து 3699 போக 6264. 6642லிருந்து 2466 போக 4176. 7641லிருந்து 1467 போக 6174. இப்போது 6174ஐ அடுக்கினால் மறுபடியும் 7641, 1467. விடையும் மறுபடியும் 6174. அங்கிருந்து வெளியே வர வழியில்லை. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் இந்த ஒரே எண்ணில்தான் வந்து விழ வேண்டும்.

மூன்று இலக்க எண்களுக்கும் அவ்வாறே 495 என்ற முடிவு உண்டு. இரண்டு இலக்கங்களில் ஒற்றை முடிவில்லை. 81, 63, 27, 45, 9 என்று செக்குமாடுபோல் சுற்றி வரும். ஐந்து இலக்கங்களிலும் சுற்றுகளே உள்ளன. நான்கு இலக்கத்துக்கு மட்டும் ஏன் இப்படியொரு வாயில், ஐந்துக்கு ஏன் இல்லை என்று எண்ணத் தொடங்கினால் உறக்கம் வராது. கணிப்பொறியின் துணையின்றி, கையால் கழித்துக் கழித்து இதைக் கண்டவர் கப்ரேகர். 1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் இதனை எடுத்துரைத்தார். 1955இல் ஸ்கிரிப்டா மாத்தமாட்டிகா என்ற அமெரிக்க இதழில் இதைப் பற்றிய அவர் கட்டுரை வெளிவந்தது.

அதே 1949ஆம் ஆண்டில் கடலுக்கு அப்பால் என்ன நடந்தது தெரியுமா? அணுகுண்டு ஆராய்ச்சியிலும் கணிப்பொறி அமைப்பிலும் புகழ் பெற்ற ஜான் வான் நாய்மன், கணிப்பொறிக்குள் தற்செயல் எண்களை உண்டாக்கத் தாம் கையாண்ட முறையை ஒரு கருத்தரங்கில் விளக்கினார். ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கி, விடையின் நடுப்பகுதியை எடுத்து அடுத்த எண்ணாகக் கொள்வதே அம்முறை. 1234இல் தொடங்கினால் அதன் வர்க்கம் 01522756. நடுவில் உள்ளது 5227. அதன்பின் 3215, 3362, 3030, 1809 என்று போகும். பார்வைக்குப் பகடை எண்கள் போலவே இருக்கின்றன. ஆனால் இதிலும் குழிகள் உண்டு. 2500ஐ அடைந்தால் மீண்டும் மீண்டும் 2500தான். 6100ஐ அடைந்தால் 2100, 4100, 8100, மறுபடியும் 6100 என்ற சுழலில் அகப்பட வேண்டியதுதான். இம்முறையின் குறைகளை நாய்மனும் அறிந்தே இருந்தார்.

தேவளாலி ஆசிரியரின் கழித்தலும் பிரின்ஸ்டன் பேராசிரியரின் பெருக்கலும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்பதைக் கவனியுங்கள். இரண்டிலும் நான்கு இலக்கங்கள். இரண்டிலும் ஒரே செயல் திரும்பத் திரும்ப. கப்ரேகர் தேடி மகிழ்ந்ததும் நாய்மன் அஞ்சி விலகியதும் ஒன்றே: எல்லா வழிகளும் வந்து விழும் அந்தக் குழி. களம் படைக்கும் நிரலை எழுதுகிறவன் கப்ரேகரின் விதியைக் கையாண்டால் என்ன ஆகும்? விதை எண் எதுவாயினும், ஏழாம் அடிக்குமேல் எல்லாக் கட்டத்துக்கும் 6174தான் கிடைக்கும். ஒரு கட்டத்தில் மரம் வந்தால் எல்லாக் கட்டங்களிலும் மரம். எத்தனை முறை ஆடினாலும் அதே காடு.

நல்ல விதி குழியில் விழாமல் நடக்க வேண்டும். டி. எச். லேமர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர், அதே 1949இல், ஓர் எண்ணைக் குறித்த ஓர் எண்ணால் பெருக்கி, மற்றோர் எண்ணால் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாகக் கொள்ளும் முறையைக் கூறினார். பின்வந்தவர்கள் இடையில் ஒரு கூட்டலையும் சேர்த்தார்கள். சிறிய அளவில் நாமே செய்து பார்க்கலாம். 5ஆல் பெருக்கி, 3ஐக் கூட்டி, 16ஆல் வகுத்து மீதியை எடுங்கள். 1இல் தொடங்கினால் 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4, 7, 6 என்று பதினாறு எண்களையும் ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் 1க்குத் திரும்பும். எந்த வீட்டையும் விட்டுவிடாமல் தெரு முழுவதும் நடந்து வரும் தபால்காரரைப் போன்றது இவ்விதி. 16க்குப் பதிலாகக் கோடி கோடியாகப் பெரிய எண்ணை வைத்தால், ஓர் ஆட்டத்துக்கு வேண்டிய எண்கள் அத்தனையும் திரும்பாமல் கிடைக்கும். விதை எண்ணின் அளவும் முக்கியம். அது 16 பிட்டுக்குள் அடங்கினால் 65,536 களங்களுக்கு மேல் பிறக்க வழியே இல்லை.

கப்ரேகர் எண்களின் பிறப்பைப் பற்றியும் ஆராய்ந்தார். ஓர் எண்ணோடு அதன் இலக்கங்களைக் கூட்டினால் மற்றோர் எண் பிறக்கிறது. 47உடன் நான்கையும் ஏழையும் கூட்டினால் 58. ஆகவே 58ஐப் பெற்ற எண் 47. சில எண்களுக்கு இரண்டு பெற்றோர் உண்டு; 101ஐ 91உம் பெறும், 100உம் பெறும். சில எண்களுக்குப் பெற்றோரே இல்லை. 20, 31, 42, 53 ஆகியவற்றை எந்த எண்ணிலிருந்தும் இம்முறையில் பெற முடியாது. தானே தோன்றியவை என்று அவற்றை வேறாக வகுத்து, ஸ்வயம்பு எண்கள் எனப் பெயரிட்டார். 1959இலும் 1963இலும் அவற்றைப் பற்றித் தனி நூல்களே வெளியிட்டார்.

இவற்றையெல்லாம் அவர் காலத்து அறிஞர்கள் எப்படி ஏற்றார்கள்? பலர் ஏற்கவில்லை. நம் நாட்டுக் கணித அறிஞர் பலர் அவர் ஆராய்ச்சியைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று நகைத்தனர். பெரிய ஆராய்ச்சி இதழ்கள் அவருக்குக் கதவு திறக்கவில்லை. சிறிய இதழ்களில் சில கட்டுரைகள் வந்தன. மற்றவற்றை ஆசிரியர் சம்பளத்திலிருந்து தாமே செலவிட்டுச் சிறு நூல்களாக அச்சிட்டுத் தேவளாலியிலிருந்து வெளியிட்டார். அந்நூல்களின் அட்டையில் பெரிய பதிப்பகத்தின் பெயரில்லை; அவர் பெயரும் ஊர்ப் பெயருமே இருந்தன. ஆனால் மாணவர்கள் அவரிடம் விரும்பிப் பாடம் கேட்டார்கள். கல்லூரிகள் அவரை அழைத்து, எண்களின் விந்தையைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டன.

1962இல் ஓய்வு பெற்றார். 1966இல் மனைவியை இழந்தார். ஓய்வூதியம் வாழ்க்கைக்குப் போதவில்லை. முதிய வயதில் கணக்கும் விஞ்ஞானமும் தனிப்பாடமாகச் சொல்லிக் கொடுத்துக் காலம் தள்ளினார். அப்போதும் எண்களை விடவில்லை. 1975 மார்ச்சில் அமெரிக்காவின் ஸயன்டிபிக் அமெரிக்கன் இதழில், கணித விளையாட்டுகளைப் பற்றி எழுதிவந்த மார்ட்டின் கார்ட்னர், கப்ரேகரையும் அவர் எண்களையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன்பின் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அப்போது அவருக்கு வயது எழுபது. பெர்குஸன் கல்லூரியில் பரிசு பெற்று 48 ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த பதினோரு ஆண்டுகளே உயிர் வாழ்ந்தார்.

இந்த வரலாற்றைப் படித்தபோது என் நெஞ்சில் எழுந்த வருத்தத்தை மறைக்க விரும்பவில்லை. அவரை நோக்கி நகைத்தவர்கள் அறிவிலிகள் அல்லர், கற்றவர்கள். இதனால் பயன் என்ன என்பதே அவர்கள் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். அதே கேள்வியைத்தான் நாமும் நாள்தோறும் கேட்கிறோம். இந்தப் பாடம் தேர்வுக்கு வருமா? இந்தத் திறமைக்கு வேலை கிடைக்குமா? கேட்பது தவறன்று. கடன் வாங்கிப் படிக்க வைத்த பெற்றோர் நம் பின்னால் நிற்கிறார்கள். ஆனால் அந்த ஒரு கேள்வியை மட்டுமே திரும்பத் திரும்பக் கேட்டால் நாம் எங்கே போய்ச் சேருவோம்?

கும்பகோணத்திலிருந்து ஒருவர் வந்திருக்கிறார்; கோவில்பட்டியிலிருந்து ஒருவர்; யாழ்ப்பாணத்து உறவினர் உள்ளவர் ஒருவர்; மும்பைத் தாராவியில் வளர்ந்த தமிழர் ஒருவர். ஒருவருக்குப் பறை தெரியும். ஒருவருக்குப் பறவைகளின் பெயர் தெரியும். ஒருவர் மரபுக்கவிதை எழுதுவார். வேறு வேறு விதை எண்களாக வந்த நாம், ஒரே விதியில் ஏழெட்டு முறை அரைபட்டு, எல்லோரும் ஒரே எண்ணாக வெளியே வருகிறோமா என்று சில வேளை அச்சமாக இருக்கிறது. எண்களின் உலகத்தில் 6174 ஓர் அழகிய அதிசயம். மனிதரின் உலகத்தில் அது நிகழ்ந்தால் அதிசயமன்று, இழப்பு.

மகர்பட்டாவின் அலுவலகங்களில் வேலை செய்யும் நம் நண்பர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கப்ரேகரும் சம்பளத்துக்கு வேலை செய்தவரே. முப்பது ஆண்டுக்கு மேல் மணியடித்ததும் வகுப்புக்குச் சென்றவரே. வேலை அவரைத் தன் அளவுக்குச் சுருக்கிவிடவில்லை. பள்ளி விட்ட பிறகு மாலையில் காகிதத்தை விரித்துத் தமக்கென்று ஒரு களத்தை வைத்துக்கொண்டார். அக்களத்தில் அவருக்கு மேலதிகாரி இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. அவர் விளையாட்டாய்க் கண்டவற்றைக் கொண்டு, ஒரே விதியைத் திரும்பத் திரும்பச் செய்தால் என்ன நேரும் என்பதை இன்று கணிப்பொறி மாணவன் ஒருவன் ஒரு மாலைப் பொழுதில் புரிந்துகொள்கிறான். நான் அப்படிப் புரிந்துகொண்டவர்களில் ஒருவன்.

மாணவ நண்பர்களே, நம்மில் பலர் 2005ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். கப்ரேகருக்குச் சரியாக நூறாண்டு இளையவர்கள். அந்த 2005ஐ ஒரு காகிதத்தில் எழுதுங்கள். 5200லிருந்து 0025ஐக் கழித்தால் 5175 வரும். மீதியை நான் சொல்லப் போவதில்லை. கைப்பேசியை எடுக்காமல், பென்சிலால் போட்டுப் பாருங்கள். அவர் பிறந்த ஆண்டுக்கு எத்தனை படிகள் ஆயினவோ, இதற்கும் அத்தனை படிகளே ஆகும். கழித்து முடித்தபின், ஐந்து இலக்கங்களுக்கு ஏன் இப்படி ஒரு முடிவு வரவில்லை என்ற கேள்வி உங்களுக்கும் எழுந்தால், தேவளாலி ஆசிரியரின் வகுப்பில் நீங்களும் சேர்ந்துவிட்டீர்கள் என்று கொள்ளலாம்.